பல்பு போட்டுப் பார்: 1977 டாட்சன் 280இசட், ஆறு சனிக்கிழமைகள்

கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோவிலிருந்து கிழக்கே ஹைவே 50இல் போனால் ஃபால்சம் தாண்டியதும் மேடு ஆரம்பிக்கும். போன ஜூன் மாதம் அந்த மேட்டில்தான் வண்டி காலை வாரியது. வெளியே 39 டிகிரி. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. இருபது நிமிடம் ஓடியதும் இழுவை குறைந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. அப்புறம் திடீரென்று ஒரு நொடி எஞ்சின் செத்தது, உயிர் வந்தது, மறுபடியும் செத்தது. மூன்றாவது முறை திரும்பி வரவில்லை. ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, நிழலே இல்லாத இடத்தில் அரை மணி நேரம் நின்றேன். பிறகு செல்ஃப் அடித்தால் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

சூடானால் கோளாறு, ஆறினால் குணம். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எரிச்சலான நோய் கிடையாது. ஸ்பேனரோடு குனியும்போது எல்லாம் சரியாக இருக்கும்.

வண்டி 1977 டாட்சன் 280இசட், ஜப்பானின் நிசான் கம்பெனி டாட்சன் என்ற பெயரில் விற்ற ஸ்போர்ட்ஸ் கார். பதினோரு வருடம் ஒரு கராஜில் தூங்கியதை இரண்டு வருடம் முன் வாங்கினேன். 240இசட் என்று 1969இல் ஆரம்பித்த அதே உடம்புதான். ஆனால் அதில் இரட்டை கார்புரேட்டர், இதில் 2.8 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு, மின்சார வால்வால் அளந்து பீய்ச்சும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். அமெரிக்காவில் புகை விதிகள் இறுகியபோது 1975 மாடலில் இருந்து இன்ஜெக்‌ஷனுக்கு மாறினார்கள். நண்பர்கள் எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "அந்த வயர் கூட்டத்தைப் பிடுங்கி எறி, கார்புரேட்டர் போடு." கலிஃபோர்னியாவில் அது அவ்வளவு சுலபமில்லை. பழைய பெட்ரோல் வண்டிகளில் 1975 வரையிலானவற்றுக்குத்தான் புகைச் சோதனையில் இருந்து விலக்கு. 1976 முதல் வந்த பழைய வண்டிகள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போக வேண்டும். புகையை அளப்பதோடு விட மாட்டார்கள், கம்பெனி பொருத்திய சாமான்கள் இருக்கின்றனவா என்று கண்ணாலும் பார்ப்பார்கள். என் வண்டி இரண்டு வருடம் பிந்திப் பிறந்துவிட்டது. அதோடு, எனக்கு இந்த இன்ஜெக்‌ஷன் பிடிக்கும். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இதன் பெயர் எல்-ஜெட்ரானிக். போஷ் வடிவமைத்தது. எல் என்பது ஜெர்மன் மொழியில் காற்றைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. இதற்கு முன் 1967இல் ஃபோக்ஸ்வேகன் 1600இல் வந்த டி-ஜெட்ரானிக், எஞ்சினுக்குக் காற்று பிரிந்து போகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்து பெட்ரோல் அளவைக் கணக்கிட்டது. எல்-ஜெட்ரானிக் உள்ளே போகும் காற்றையே அளக்கிறது. ஏர் ஃப்ளோ மீட்டருக்குள் ஒரு கதவு இருக்கும். காற்று அதைத் தள்ளத் தள்ள, மேலே ஒரு துடைப்பான் கரித்தடத்தின் மேல் நகரும், வோல்டேஜ் மாறும். தண்ணீர் எவ்வளவு சூடு, ஆக்ஸிலரேட்டர் எங்கே இருக்கிறது, செல்ஃப் சுற்றுகிறதா, தீப்பொறிக்கான காயிலில் இருந்து எத்தனை துடிப்பு வருகிறது என்பதையெல்லாம் சேர்த்து, டிரைவரின் இடது கால் பக்கம் ஒளிந்திருக்கும் ஒரு தகரப்பெட்டி கணக்குப் போடும். அதுதான் ஈ.சி.யு. எஞ்சினின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு இன்ஜெக்டரும் ஒரே நேரத்தில் திறந்து மூடும்.

இந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. கோளாறு எண் சேமிக்காது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிக்காது. முழுக்க அனலாக். 35 பின் வழியாக வரும் மின்தடைகளையும் வோல்டேஜையும் அப்படியே நம்பும். சென்சாரின் தடை எது, கனெக்டரில் பிடித்த களிம்பின் தடை எது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. இந்த விஷயத்தை நான் முதல் நாளே உட்கார்ந்து யோசித்திருந்தால் நான்கு சனிக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

முதல் சனிக்கிழமை மின்சாரப் பக்கமே போகவில்லை. பெட்ரோல் சரியாக வருகிறதா, காற்று களவாகப் போகிறதா என்று தெரியாமல் வயரைத் தொடுவது வீண்வேலை. ஃபில்டருக்கும், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரியும் ரெயிலுக்கும் நடுவில் பிரஷர் கேஜ் போட்டேன். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றினால் 36 பி.எஸ்.ஐ., மாட்டினால் ஐட்லிங்கில் 30க்குப் பக்கம். சரி. ரப்பர் ஹோஸ் எதையாவது மாற்றினால் இன்ஜெக்‌ஷனுக்கு என்றே செய்த ஹோஸ்தான் வாங்க வேண்டும். கார்புரேட்டர் வண்டி ஹோஸ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், காலுக்கடியில் வேண்டாம்.

காற்றுக் கசிவுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்க வேண்டும். மீட்டர் வழியாகப் போகாத காற்று உள்ளே நுழைவதால் எஞ்சின் தடுமாற வேண்டும், சில நேரம் நின்றே போகும். தடுமாறாவிட்டால் ஏற்கெனவே வேறு எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். என் வண்டி உடனே தடுமாறியது. மீட்டருக்கும், ஆக்ஸிலரேட்டர் திறக்கும் திராட்டிலுக்கும் நடுவில் இருக்கும் பெரிய ரப்பர் குழாயைக் கழற்றி மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை.

இரண்டாவது சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. விசாரித்த இடமெல்லாம் "ஈ.சி.யு. போயிருக்கும், 45 வருடம் ஆச்சே" என்றார்கள். 240 டாலர் கொடுத்து பழுது பார்த்த பெட்டி ஒன்றை வரவழைத்து மாட்டினேன். வண்டி அதே இருபதாவது நிமிடத்தில் அதே மாதிரிப் புகைவிட்டு அதே மாதிரி நின்றது. பெட்டி இப்போது என் ஷெல்ஃபில் இருக்கிறது. புரியாத இடத்தில் சந்தேகம் விழுவது இயல்புதான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதனால் பழி அதன் மேல். ஆனால் அது எஞ்சினின் சூடும் எண்ணெயும் படாமல், கார்பெட்டுக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. வயர்களோ நாற்பது வருடத்துக்கு மேலாக எஞ்சின் மேல் வெந்துகொண்டிருக்கின்றன.

மூன்றாவது வாரம் ஒழுங்காக உட்கார்ந்தேன். பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு ஈ.சி.யு.வின் நீளக் கனெக்டரைப் பிடுங்கினேன். பேட்டரி இணைப்பு இருக்கும்போது இதைப் பிடுங்கவும் கூடாது, மாட்டவும் கூடாது. மல்டிமீட்டரை ஓமில் வைத்து, கனெக்டர் பக்கத்தில் இருந்தே ஒவ்வொரு சென்சாரையும் அளந்தேன். பானெட்டுக்குக் கீழே சென்சாரின் காலிலேயே மீட்டரை வைத்தால் சென்சார் நல்லதா என்று மட்டும்தான் தெரியும். பெட்டிக்கு எது போய்ச் சேருகிறது என்பதல்லவா கேள்வி. மீட்டரின் கம்பி முனையை பின்னுக்குள் திணிக்காதீர்கள், அது வாயைப் பிளந்துவிடும். நான் பக்கவாட்டில் தொட்டு எடுத்தேன்.

தண்ணீர்ச் சூட்டைச் சொல்லும் சென்சார் 13ஆம் பின்னுக்கு வருகிறது. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, 3.2 கிலோ ஓம். சென்சாரின் காலிலேயே அளந்தால் 2.5. இருபது டிகிரிக்கு அது நல்ல அளவு. எழுநூறு ஓம் எங்கோ கூடியிருக்கிறது. கூடினால் என்ன, மூவாயிரத்தில் எழுநூறு பெரிய தப்பில்லை என்று முதலில் அதை விட்டேன். மதியம் எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு மறுபடி அளந்தேன். சென்சாரில் 310 ஓம். பெட்டி முனையில் 1030.

அங்கேதான் பொறி தட்டியது. இந்தச் சென்சார் சூடு ஏற ஏறத் தடை குறையும் ஜாதி. இருபது டிகிரியில் 2500 ஓம், எண்பது டிகிரியில் 320 அளவு. களிம்பின் எழுநூறு ஓம் எப்போதும் எழுநூறுதான். குளிரில் அது சாம்பாரில் போட்ட கூடுதல் கல் உப்பு, தெரியாது. சூட்டில் சென்சாரின் தடை முந்நூறுக்கு இறங்கிவிடுகிறது, அப்போது எழுநூறுதான் ஆளை ஆட்டிப்படைக்கிறது. 1030 ஓம் என்றால் எஞ்சின் 45 டிகிரியில்தான் இருக்கிறது என்று பெட்டி நினைக்கும். "பாவம், இன்னும் குளிர் விடவில்லை" என்று பெட்ரோலை அள்ளி ஊற்றும். சூடானால் மட்டும் கரும்புகை வந்தது இதனால்தான்.

கனெக்டரைக் கழற்றியபோது ரப்பர் உறை பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே பித்தளைக் காலில் பச்சைக் களிம்பு. வயரில் ஒரு கை நீளம் தள்ளி, யாரோ முன்பு எப்போதோ ஸ்பீக்கர் வயரைச் சேர்த்து நீலக் கிளிப் போட்டு அமுக்கியிருந்தார்கள். இன்சுலேஷனைக் கடித்துக் கம்பியைத் தொடும் வகைக் கிளிப். அதற்குள்ளும் களிம்பு. அந்தத் துண்டை முழுதாக வெட்டி எறிந்து புது வயர், புது கனெக்டர் போட்டேன். பெட்டி முனையில் இப்போது 312.

இணைப்பை எப்படிப் போட வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சால்டர் வேண்டாம். ஈயம் வயருக்குள் ஏறி, அது முடியும் இடத்தில் கம்பி விறைத்துவிடும். எஞ்சின் நடுக்கத்தில் சரியாக அந்த இடத்தில்தான் ஒடியும். அளவான டெர்மினல், ராட்செட் வைத்த கிரிம்பிங் டூல், மேலே உள்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப். இழுத்துப் பார்த்து வராவிட்டால் போதும். டூலில் கஞ்சத்தனம் பண்ணிப் பல்லால் கடித்த மாதிரி கிரிம்ப் போடுவதற்கு, சால்டரே தேவலை.

அன்று மாலை ஓட்டிப் பார்த்தேன். புகை இல்லை, பெட்ரோல் நாற்றம் இல்லை. ஆகா என்று வீட்டுக்கு வந்து படுத்தேன். மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை.

செல்ஃப் சுற்றுகிறது, தீப்பொறி இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. அரை மணி நேரம் தலையைச் சொறிந்துவிட்டுப் பார்த்தால், அது என் சொந்தக் கைங்கரியம். தெர்மோஸ்டாட் கூட்டில் இந்தச் சென்சாருக்குப் பக்கத்திலேயே தெர்மோ டைம் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது. குளிர் ஸ்டார்ட்டில் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் வால்வை அதுதான் சில நொடி அனுமதிக்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரி கனெக்டர். 312ஐ அளந்த பிறகு இரண்டையும் கழற்றித் திரும்ப மாட்டும்போது மாற்றி மாட்டிவிட்டேன். ஸ்விட்ச் குளிரில் எர்த்தோடு சேர்ந்திருப்பதால் பெட்டிக்கு மிகக் குறைந்த தடை போயிருக்கிறது, அதாவது எஞ்சின் கொதிக்கிறது என்று செய்தி. அந்தப் பக்கம் கூடுதல் வால்வும் திறக்கவில்லை. குளிர்ந்த எஞ்சினைப் பட்டினி போட்டிருக்கிறேன். முதல்நாள் எஞ்சின் சூடாக இருந்ததால் கூடுதல் பெட்ரோல் தேவைப்படவில்லை, அதனால் ஏதோ ஓடியிருக்கிறது. இப்போது இரண்டு வயரிலும் பெயிண்ட் பொட்டு இருக்கிறது, சென்சாருக்கு மஞ்சள், ஸ்விட்சுக்கு வெள்ளை. கழற்றுவதற்கு முன் வைக்க வேண்டிய பொட்டு.

புகை போனது. ஆனால் அந்தத் திடீர் மரணம் போகவில்லை. நான் இரண்டையும் ஒரே நோய் என்று எண்ணியிருந்தேன். அடுத்த வாரம் ஃபால்சம் மேட்டில் மறுபடி ஒரு நொடி, இரண்டு நொடி என்று வெட்டியது. இந்த முறை கண், எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரில் இருந்தது. முள் சட்டென்று பூஜ்யத்தில் விழவில்லை, வேகம் குறையக் குறைய மெதுவாக இறங்கியது. டேக்கோமீட்டர் காயிலின் துடிப்பில் ஓடுவது. ஆகவே தீப்பொறி உயிரோடு இருக்கிறது, பெட்ரோல்தான் நிற்கிறது.

நான்காவது சனிக்கிழமை இரண்டு எல்.இ.டி. விளக்கு கட்டினேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சிவப்பு விளக்கு முதல் இன்ஜெக்டரின் இரண்டு காலுக்கும் குறுக்கே, ஒவ்வொரு துடிப்புக்கும் மினுங்கும். பச்சை விளக்கு இன்ஜெக்டருக்கு வரும் பேட்டரி வயருக்கும் பாடிக்கும் நடுவில், கரண்ட் வருகிறவரை எரியும். இரண்டின் வயரையும் நீட்டி, பானெட் இடுக்கு வழியாகக் கொண்டுவந்து, வைப்பர் அடியில் டேப் போட்டு ஒட்டினேன்.

சிவப்பு விளக்கு முதலில் கண்ணுக்கே தெரியவில்லை. 12 வோல்ட் என்று நினைத்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தேன். இந்த வண்டியில் ஒவ்வொரு இன்ஜெக்டரோடும் வரிசையாக 6 ஓம் அளவில் ஒரு டிராப்பிங் ரெசிஸ்டர் இருக்கிறது. இன்ஜெக்டர் வெறும் 2.35 ஓம். அதனால் இன்ஜெக்டரின் குறுக்கே நான்கு வோல்ட்தான் மிஞ்சும். 220 ஓமாக மாற்றியதும் பளிச்சென்று வந்தது. இன்ஜெக்டர் மூடும்போது அதற்குள் இருக்கும் காயில் எதிர்த்திசையில் ஒரு அடி அடிக்கும், எல்.இ.டி. தாங்காது, வரிசையில் ஒரு டயோடும் போட்டுவிடுங்கள். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜெக்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் காலில் நேராக 12 வோல்ட் கொடுக்காதீர்கள். அந்த ரெசிஸ்டர் சும்மா வைக்கப்படவில்லை, அது இல்லாமல் காயில் எரிந்துவிடும்.

ஞாயிறு சாயங்காலம் மேட்டில் ஏறினேன். பதினெட்டாவது நிமிடம் வண்டி வெட்டியது. சிவப்பு அணைந்தது, பச்சை எரிந்துகொண்டே இருந்தது. மூன்று முறை வெட்டியது, மூன்று முறையும் அதே காட்சி. இன்ஜெக்டருக்குக் கரண்ட் போகிறது. அதை எர்த்தோடு சேர்த்து மூட வேண்டிய பெட்டிதான் அந்த நொடி வேலை செய்யவில்லை. புதுப் பெட்டியிலும் இதே கதை என்பதால் பெட்டிக்கு ஏதோ கிடைக்கவில்லை. காயிலில் இருந்து வரும் துடிப்பா, சொந்தக் கரண்டா, எர்த்தா?

ஐந்தாவது வாரம் மூன்றையும் மீட்டரில் பார்த்தேன். மூன்றும் நல்லது என்றது மீட்டர். எர்த் பின்களில் இருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 0.4 ஓம், அதில் மீட்டர் வயரின் சொந்தத் தடையே 0.2. ஹார்னஸை, அதாவது வயர்க் கட்டை, பிடித்து ஆட்டியும் பார்த்தேன், எண் அசையவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

பொள்ளாச்சியில் என் மாமா முப்பது வருடத்துக்கு மேல் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர். லாரி, வேன், டிராக்டர் எது வந்தாலும் அவர் கையில் ஒரு பழைய பல்பும் இரண்டு வயரும்தான். சின்ன வயதில் லீவுக்குப் போனால் அவர் கடை வாசலில்தான் கிடப்பேன். மீட்டரே அவரிடம் கிடையாது என்று நினைத்திருந்தேன், பிறகுதான் தெரிந்தது, மேசை டிராயரில் துணி சுற்றி வைத்திருந்தார். அன்று ராத்திரி ஃபோன் போட்டேன், அங்கே காலை.

"மீட்டர் என்ன காட்டுச்சு கண்ணு?"

"புள்ளி நாலுங்க மாமா. அதுல மீட்டர் வயரே புள்ளி ரெண்டு."

"அப்ப எர்த்து நல்லாருக்குதுன்னு முடிவு பண்ணிட்டே."

"ஆமாங்க."

"மீட்டரு அந்த வயருக்குள்ள எவ்வளவு கரண்டு உடுது? ஒண்ணுமே இல்ல. வேலையே குடுக்காம ஆளு தெம்பா இருக்கானான்னு எப்படித் தெரியும்? ஹெட்லைட் பல்பு ஒண்ணு போட்டுப் பாரு. எரியறப்ப ஆட்டு."

ஃபோனை வைத்ததும் காகிதத்தில் கணக்குப் போட்டேன், முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆறு இன்ஜெக்டரும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. 14 வோல்டில், எட்டரை ஓம் வழியாக, ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் பத்து ஆம்பியர். அத்தனையும் பெட்டியின் எர்த் வழியாகத்தான் திரும்ப வேண்டும். நான் மன்னித்து விட்ட அந்த 0.2 ஓம், பத்து ஆம்பியரில் இரண்டு வோல்ட். ஒவ்வொரு துடிப்புக்கும் பெட்டியின் தரையே இரண்டு வோல்ட் மேலே எழும்பி இறங்குகிறது. எல்லாச் சென்சாரையும் அந்தத் தரையில் நின்றுகொண்டுதான் அது அளக்கிறது.

ஆறாவது சனிக்கிழமை. 55 வாட் ஹாலஜன் பல்பு. ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், நடுவில் ஒரு ஃபியூஸ். மறுமுனை, கழற்றி வைத்த ஈ.சி.யு. கனெக்டரின் எர்த் பின்னில், அந்த அளவுக்கான ஒரு புது டெர்மினலை மெதுவாகச் செருகி. மீட்டரை வோல்டில் வைத்து ஒரு முனை அந்த எர்த் பின்னில், இன்னொன்று பேட்டரி நெகட்டிவில். பல்பு எரிந்தது. மீட்டர் 1.1 வோல்ட் காட்டியது. நாலரை ஆம்பியரில் நல்ல எர்த் 0.1க்கு மேல் போகக் கூடாது. எஞ்சின் பக்கம் போய் ஹார்னஸை ஒவ்வொரு முழமாக ஆட்டினேன். இன்டேக் மேனிஃபோல்டில், எர்த் வயர் முனையின் வளையமான லக்கை போல்ட் போட்டிருக்கும் இடத்தில் கை வைத்ததும் பல்பு மங்கி, கண்ணடித்து, அணைந்தது.

சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரம், 240 டாலர், ஒரு போல்ட்.

லக்கைக் கழற்றினேன். வெளியே பார்த்தால் பழைய கறுப்பு டேப் அழகாகச் சுற்றியிருந்தது. அதனால்தான் இத்தனை நாள் சந்தேகம் வரவில்லை. டேப்பைப் பிரித்தால் உள்ளே நான்கு வயர் ஒரே லக்கில் சேர்ந்திருந்தது. வயர் லக்கின் கழுத்துக்குள் நுழையும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாகக் களிம்பு ஏறி அறுந்திருந்தன. எண்ணினேன், ஒரு வயரில் மூன்று இழை முழுதாக இருந்தது, இன்னொன்றில் ஐந்து. மற்ற இரண்டும் பச்சைப் பொடியில் உட்கார்ந்து தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. மீட்டரின் துளிக் கரண்டுக்கு மூன்று இழை தாராளம். சூடு ஏறி லக் விரிந்து, எஞ்சின் மேட்டில் திணறிக் குலுங்கும்போது, அந்தத் தொடுதலும் விட்டுப்போகும்.

வயரை நல்ல செம்பு தெரிகிறவரை பின்னால் வெட்டினேன். முதல் வெட்டில் கறுப்பு, இரண்டாவதில் பழுப்பு, ஒரு சாண் தள்ளித்தான் சிவப்பாக வந்தது. களிம்பு இன்சுலேஷனுக்குள்ளேயே ஊர்ந்து போகும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வயருக்கும் புதுத் துண்டு சேர்த்து, இரண்டு இரண்டாகப் பிரித்து, இரண்டு புது லக். மேனிஃபோல்டில் அலுமினியம் பளபளக்கும் வரை வயர் பிரஷ் போட்டு, ஸ்டார் வாஷர் வைத்து இறுக்கி, மேலே டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவினேன். எஞ்சினில் இருந்து பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் போகும் பட்டையையும் அப்படியே சுத்தம் செய்தேன். மறுபடி பல்பு. 0.04 வோல்ட். ஹார்னஸைக் கயிறு மாதிரி ஆட்டினேன், எண் நகரவில்லை.

பானெட் திறந்திருக்கிறதே என்று மற்ற சில்லறை வேலைகளையும் முடித்தேன். ஆறு இன்ஜெக்டர் கனெக்டரும் புதுசு. பழையதைக் கழற்றும்போது சுற்றியிருக்கும் கம்பிக் கிளிப் தெறித்து எஞ்சினுக்குள் எங்காவது ஒளிந்துகொள்ளும். கொத்தமல்லிக் கட்டின் ரப்பர் பேண்ட் அளவுகூட இருக்காது. நான் நான்கு தொலைத்து மூன்று கண்டுபிடித்தேன், காந்தத்தில் நூல் கட்டி. டிராப்பிங் ரெசிஸ்டர் ஆறும் 6 ஓமுக்குப் பக்கத்தில், ஒன்றும் மாற்றவில்லை.

ஏர் ஃப்ளோ மீட்டரைத் திறக்க மனமில்லை. அதன் கறுப்பு மூடி ஒட்டியிருக்கும். திறந்து உள்ளே ஸ்பிரிங் சக்கரத்தை இரண்டு பல் நகர்த்தி "மைலேஜ் கூட்டிக்கொடுத்தேன்" என்று சொல்பவர்கள் நிறைய. என் வண்டியில் யாரும் தொடவில்லை, ஒட்டு அப்படியே இருந்தது. கதவை விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே, வெளிவரும் வோல்டேஜைப் பார்த்தேன். இதற்கு டிஜிட்டல் மீட்டர் சரிவராது. கரித்தடத்தில் ஒரு இடம் தேய்ந்திருந்தால் எண்கள் ஓடும் ஓட்டத்தில் பிடிபடாது. பழைய முள் மீட்டரில் முள் ஒரு துடிப்புத் துடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். முள் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. கதவு கொஞ்சம் திறந்ததும் உள்ளே ஒரு சின்ன கான்டாக்ட் சேர்ந்து பெட்ரோல் பம்பை ஓட விடுகிறதா என்றும் பார்த்தேன். எஞ்சின் நின்றால் கதவு மூடும், பம்பும் நிற்க வேண்டும். விபத்தில் ஹோஸ் அறுந்தால் அதுதான் காப்பு. கோளாறு தேடுகிறேன் பேர்வழி என்று அதைச் சுற்றி நேர் வயர் போட்டுவிட்டு மறந்துபோனவர்களும் உண்டு.

ஆகஸ்டில் ஒரு நாள் 41 டிகிரி. வேண்டுமென்றே மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பி பிளேசர்வில் வரை போனேன், இரண்டு விளக்கையும் கழற்றாமல். ஃபால்சம் மேட்டில் இரண்டாவது கியரில் வேண்டுமென்றே இழுத்தேன். சிவப்பு மினுங்கிக்கொண்டே இருந்தது. பிளேசர்வில்லில் ஒரு காபி, திரும்ப வந்தேன், எல்லாம் சுமுகம். மாமாவுக்கு லக்கின் படத்தை அனுப்பினேன். "இதுக்கா இவ்வளவு நாளு" என்று ஒரு வரி பதில் வந்தது.

செப்டம்பரில் புகைச் சோதனை. கார்பன் மோனாக்சைடு போன தடவை வரம்பை ஒட்டி வந்தது, இந்த முறை பாதிக்கும் கீழே. சோதனை செய்த பையனுக்கு வைப்பர் அடியில் இருந்த விளக்குகள் என்ன என்று புரியவில்லை, கழற்றச் சொன்னான். கழற்றி கிளவ் பாக்ஸில் போட்டிருக்கிறேன். அந்த 240 டாலர் பெட்டியை 150க்கு ஒருவர் கேட்கிறார். அவருடைய வண்டியும் சூடானால் நிற்கிறதாம். முதலில் ஒரு ஹெட்லைட் பல்பை எடுத்துக்கொண்டு இந்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.